இன்ஜினுக்காகப் பழைய காரை விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடி முழுக்கத் துரு, கதவு சரியாக மூடுவதில்லை, அடுத்த தகுதிச் சோதனையில் தேறாது என்று மெக்கானிக்கே கையை விரித்துவிட்டார். ஆனால் இன்ஜின் மட்டும் கல்லு மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு கார் உங்களிடம் இருந்தால், காயலான் கடைக்குத் தள்ளிவிடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். வேறொரு வண்டியில் இன்ஜின் மாற்ற நினைப்பவர்கள் இப்படிப்பட்ட காரைத்தான் தேடி அலைகிறார்கள். 'டோனர் கார்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு இன்ஜினுக்காக யாராவது முழுக் காரையும் வாங்குவார்களா?

வாங்குவார்கள், அதுவும் விரும்பி வாங்குவார்கள். இன்ஜினைத் தூக்கி வைத்ததோடு வேலை முடிவதில்லை. அதை இயக்கும் கம்ப்யூட்டரான இசியூ, வயரிங், சென்சார்கள், ஆக்ஸிலேட்டர் பெடல், பெட்ரோல் பம்ப், ஃபேன் ரிலே என்று ஆரம்பித்து, பார்த்தால் உப்புக்குப் பெறாத ஒரு பிராக்கெட் வரை எல்லாம் வேண்டும். தனித்தனியாகத் தேடினால் மாதக்கணக்கில் இழுக்கும். முழுக் காராக வந்துவிட்டால் எல்லாம் ஒரே இடத்தில், ஒன்றோடொன்று பொருந்துகிற நிலையில் கிடைத்துவிடும்.

இன்னொன்று, கழற்றித் தரையில் வைத்த இன்ஜின் நன்றாக ஓடியதா என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. காரில் இருக்கும் இன்ஜினை ஓட்டியே பார்த்துவிடலாம்.

என் கார் அதற்கு ஏற்றதா?

எல்லா இன்ஜினுக்கும் கிராக்கி இருக்காது. பெரும்பாலும் ஏற்கெனவே பலர் மாற்றிப் பார்த்து, அதற்கான அடாப்டர் பிளேட்டும் (இன்ஜினை வேறொரு கியர்பாக்ஸோடு இணைக்கும் தகடு) மவுண்ட்டும் (இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் பிடிமானம்) கடையில் கிடைக்கிற இன்ஜின்களைத்தான் ஆட்கள் தேடுவார்கள்.

பேர்போன ஜோடி ஒன்றைச் சொல்கிறேன். 1979இல் வந்த ஃபோக்ஸ்வேகன் டி3 வேனுக்கு இன்ஜின் பின்பக்கம். தரையோடு படுத்த மாதிரியான பாக்ஸர் இன்ஜின், அவ்வளவு பெரிய வண்டியை மலையேற்ற அது திணறும். சுபாருவின் இஜே வரிசை இன்ஜின்களும் அதே பாக்ஸர் வடிவம்தான், ஆனால் சக்தி அதிகம். அதனால் டி3 வைத்திருப்பவர்களில் பலர் சுபாரு லெகசி, இம்ப்ரெஸா கார்களைத் தேடிக்கொண்டே இருப்பார்கள். இஜே22 என்றால் இன்னும் விருப்பம். இஜே25க்கு ஹெட் கேஸ்கெட் தொல்லை என்று பேர் வந்துவிட்டதால் அதை வாங்க வருபவர் கொஞ்சம் குடைந்து குடைந்து கேட்பார்.

1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 வேறு கதை. அதில் இன்ஜின் மட்டுமல்ல, கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷன் எல்லாமே கிட் கார் (உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே கட்டும் கார்) கட்டுபவர்களுக்கு உதவும். வி8 வேண்டும் என்பவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் இன்ஜின் குடும்பத்துக்குப் போவார்கள். அலுமினிய பிளாக் கொண்ட கார் இன்ஜின் கைக்கு எட்டாவிட்டால், பிக்கப் வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக் இன்ஜினே போதும் என்பார்கள். லெக்ஸஸ் எல்எஸ்400இன் 4 லிட்டர் 1யுஇசட் வி8 இன்ஜினுக்கும் தனியாக ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கார் பழையதாகி மதிப்பிழந்தாலும் இன்ஜின் லேசில் சாகாது.

உங்கள் கார் இந்தப் பட்டியலில் இல்லையென்றால் கவலை வேண்டாம். இன்ஜின் குறியீட்டைத் தேடி, அதை யார் எந்த வண்டியில் மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். யாருமே மாட்டியதாகத் தெரியவில்லை என்றால் சாதாரணப் பழைய காராகவே விற்றுவிடுவது உத்தமம்.

இன்ஜினை நானே கழற்றித் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்காதா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் போலத்தான் தெரியும். என் கருத்து: கழற்றாதீர்கள்.

கழற்ற ஒரு கிரேன் வேண்டும், இடம் வேண்டும், கையில் வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆயில், கூலன்ட், பெட்ரோல் எல்லாவற்றையும் வடித்து முறையாக அப்புறப்படுத்த வேண்டும். ஏசி கேஸைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் குற்றம், அதை மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது ஓட்டிக் காட்ட முடியாத ஒரு இன்ஜின், நகர்த்த முடியாத ஒரு கூடு. இன்ஜின் இல்லாத கூட்டைப் பழைய இரும்புக்கு எடுக்கிறவர்கூட விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

அதைவிட முக்கியம், கழற்றும் விதம். வாங்குபவர் தானே கழற்றினால் வயர்களை இணைக்கும் ஒவ்வொரு கப்ளரையும் படம் பிடித்து, சீட்டு ஒட்டி, போல்ட்டுகளைப் பையில் போட்டுக் கழற்றுவார். எது எங்கே போகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. விற்கிற அவசரத்தில் கழற்றுபவர் அந்தப் பொறுமையைக் காட்டமாட்டார்.

வயரிங்குக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இன்ஜினைச் சங்கிலியில் தூக்கும் நாள் வேடிக்கையாக இருக்கும், எல்லோரும் நின்று பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் வயரிங்கோடு உட்கார்ந்து கழியும் வாரங்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பழுது பார்க்கும் கூடத்திலோ இரும்புக் கடையிலோ இன்ஜினை வேகமாக எடுக்க வேண்டுமானால் என்ன செய்வார்கள் தெரியுமா? இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தடுப்புச் சுவர் அருகே, கை தடிமனுக்குப் போகும் வயர்க் கட்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. வாங்கியவர் கையில் ஐம்பது அறுபது வயர் முனைகள் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வெள்ளையில் கறுப்புக் கோடு, கறுப்பில் வெள்ளைக் கோடு, பழுப்பில் மஞ்சள் கோடு என்று ஒன்றைப் போலவே இன்னொன்று. மறுமுனை டேஷ்போர்டுக்குள் காணாமல் போயிருக்கும். சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மீட்டரில் தொட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

முழுக் காரில் இசியூவிலிருந்து கடைசி சென்சார் வரை கட்டு அறுபடாமல் இருக்கிறது. வாங்குபவர் டேஷ்போர்டைக் கழற்றி முழு வயரிங்கையும் வெளியே எடுத்து, தேவையில்லாத விளக்கு, கண்ணாடி, சென்ட்ரல் லாக் வயர்களை நீக்கி, இன்ஜினுக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்வார். அந்த வசதிக்குத்தான் அவர் முழுக் காருக்குப் பணம் தருகிறார். ஆகவே நீங்கள் ஸ்டீரியோவைக் கழற்றும்போதுகூட வயரை வெட்டாமல் கப்ளரோடு கழற்றுங்கள்.

ஒரு சாவிதான் இருக்கிறது. பிரச்சினையா?

ஒன்று இருந்தால் போதும். ஒன்றுமே இல்லையென்றால்தான் பிரச்சினை. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. சாவிக்குள் இருக்கும் சின்ன சிப்பை இசியூ அடையாளம் கண்டுகொண்டால்தான் இன்ஜின் ஓடும். சாவி, அதைப் படிக்கும் வளையம், இம்மொபிலைசர் பெட்டி, இசியூ எல்லாம் ஒரு செட். ஒன்று தொலைந்தால் மற்றவை வெறும் டப்பாதான். இன்னொரு சாவி வீட்டில் எங்கேயாவது கிடந்தால் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுங்கள்.

இன்ஜின் நல்ல நிலையில் இருக்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டுங்கள். இதைவிடப் பெரிய சான்று எதுவும் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற காரை, பானட்டைத் திறந்து வைத்து, சாவியைத் திருப்பும் கணத்திலிருந்து ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். டேஷ்போர்டில் வெப்பமுள் கீழே கிடப்பது தெரிய வேண்டும். சைலன்சர் வாயையும் காட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. விவரம் தெரிந்தவர் அந்த முதல் நிமிடத்திலேயே பாதி முடிவு எடுத்துவிடுவார்.

பார்க்க வருபவர் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். வந்ததும் அவர் பானட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், நீங்கள் எதையும் மறைக்காவிட்டாலும் மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே அளவு சுற்றவிட்டு அளக்க வேண்டும். சாதாரணப் பெட்ரோல் இன்ஜினில் 10 முதல் 13 பார் வரை வரும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒட்டி வருகிறதா என்பதுதான் முக்கியம். மூன்று 12 காட்டி ஒன்று 8 காட்டினால் அங்கே வால்வோ ரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது. ஒரு மெக்கானிக்கை வைத்து அளந்து, எண்களைத் தாளில் எழுதி மீட்டரோடு படம் எடுத்து வைத்தால், பேரம் பேசுகிறவரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

சர்வீஸ் பில்கள் இருந்தால் எடுத்து வையுங்கள். எண்ணெய்க் கறை படிந்த ஒரு துண்டுச் சீட்டானாலும் பரவாயில்லை.

டைமிங் பெல்ட்டை மாற்றிவிட்டு விற்கலாமா?

வேண்டாம், அந்தச் செலவு திரும்பி வராது. வாங்குபவர் இன்ஜினைக் கீழே இறக்கியதும் எப்படியும் பெல்ட், வாட்டர் பம்ப், சீல்கள் எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறார். இன்ஜின் வெளியே இருக்கும்போது அது எளிது. கடைசியாக எப்போது மாற்றியது என்பதை மட்டும் உண்மையாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வருடமாக ஓடாமல் நிற்கிறது. என்ன செய்வது?

அவசரப்பட்டு சாவியைத் திருப்ப வேண்டாம். முதலில் ஆயில், கூலன்ட் அளவைப் பாருங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பானரை வைத்து இன்ஜினைக் கையால் அது சுற்றும் திசையில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், எங்கும் இறுகாமல் சுற்ற வேண்டும். பழைய பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடிக்கும், அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். நல்ல பேட்டரி போடுங்கள். டைமிங் பெல்ட் பழையதாக இருந்தால் கவரைத் திறந்து விரிசல் இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். 1990களின் தொடக்கத்து இஜே22 போன்ற சில இன்ஜின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. பல இன்ஜின்களில் மோதும், மோதினால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதையெல்லாம் செய்ய ஆளில்லை என்றால் 'ஓடவில்லை, ஓட்டிப் பார்க்கவும் முயலவில்லை' என்று எழுதி விற்றுவிடுங்கள். விலை குறையும், ஆனால் சண்டை வராது.

ஆட்டோமேட்டிக் கியர் கார் என்றால் மதிப்பு குறையுமா?

மாட்டப்போகும் வண்டியைப் பொறுத்தது. எம்எக்ஸ்-5 மாதிரி முன்னால் இன்ஜின், பின்னால் உந்துதல் என்று போகிறவர்களுக்கு மேனுவல் கியர்பாக்ஸ் பெரிய வரம். ஆட்டோமேட்டிக் என்றால் ஃப்ளைவீல், கிளட்ச், பெடல் எல்லாம் அவர்கள் தனியாகத் தேட வேண்டும். டி3 வேன்காரர்களுக்கு உங்கள் கியர்பாக்ஸே வேண்டாம், அவர்கள் தங்கள் வேனின் கியர்பாக்ஸிலேயே அடாப்டர் வைத்து மாட்டுவார்கள். ஆனாலும் ஆட்டோமேட்டிக் காரின் இசியூ, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரிடமிருந்து சேதி வராவிட்டால் எச்சரிக்கை விளக்கை எரியவிடும் என்று தயங்குவார்கள். விளம்பரத்தில் எது என்பதைத் தெளிவாகப் போட்டுவிட்டால் போதும்.

டீசல் காருக்கும் ஆள் வருவார்களா?

சிலவற்றுக்கு. மெர்சிடிஸின் 3 லிட்டர், ஆறு சிலிண்டர் ஓஎம்606 இன்ஜினைத் தேடுகிறவர்கள் விடாப்பிடியானவர்கள். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் அதன் டீசல் பம்பை எடுத்துவிட்டு முழுக்க மெக்கானிக்கல் பம்பை மாட்டிவிடுவார்கள். அப்புறம் இசியூவும் வேண்டாம், வயரிங் தலைவலியும் இல்லை. ஃபோக்ஸ்வேகன் 1.9 டிடிஐக்கும் இதே மாதிரி ஆதரவு உண்டு.

எதையெல்லாம் நான் எடுத்து வைத்துக்கொள்ளலாம்?

ஸ்டீரியோ, நல்ல சக்கரங்கள் (காரை நகர்த்த ஏதாவது நான்கு சக்கரம் மாட்டிக் கொடுத்தால் சரி), சீட், தரைவிரிப்பு. வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கைவைக்கக் கூடாதவை சில உண்டு. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஆக்ஸிஜன் சென்சார்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா ஆகியவற்றை 'இதெல்லாம் யாருக்கு வேண்டும்' என்று எடுத்துத் தனியாக விற்கத் தோன்றும். ஆனால் புகைச் சட்டம் கடுமையான இடங்களில் இவைதான் முதலில் கேட்கப்படும். கலிஃபோர்னியாவில், மாட்டப்படும் இன்ஜின் அந்த வண்டியின் வருடத்தைவிடப் பழையதாக இருக்கக் கூடாது, அதோடு வந்த புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் அத்தனையும் கூடவே மாட்டப்பட வேண்டும். அங்கே டோனர் காரின் வருடமும் அந்தக் கரி டப்பாவும் இன்ஜினுக்குச் சமமான விஷயம்.

என்ன விலை சொல்வது?

கீழ்வரம்பு, பழைய இரும்புக்கு எடுப்பவர் தரும் தொகை. அதற்குக் கீழே போக வேண்டியதில்லை. மேல்வரம்புக்கு, அதே இன்ஜின் கழற்றிய நிலையில் இசியூ, வயரிங்கோடு என்ன விலைக்குப் போகிறது என்று பாருங்கள். அதே மாடல் கார் ஓடும் நிலையில் என்ன விலைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். ஓடும் காரின் விலை அதிகமாக இருந்தால் நீங்கள் டோனராக விற்கவே தேவையில்லை. இல்லையென்றால் கீழ்வரம்புக்கும் மேல்வரம்புக்கும் நடுவில் எங்கேயாவது நில்லுங்கள். மிச்சக் கூட்டை அப்புறப்படுத்தும் சிரமம் வாங்குபவருடையது, அதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நியாயம்.

'இன்ஜினை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், பாடி உங்களுக்கே' என்கிறார் வாங்க வருபவர். சம்மதிக்கலாமா?

வேண்டாம். உங்கள் வாசலில் வைத்துக் கழற்றுகிறேன் என்பார். சனிக்கிழமை முடியாமல் ஞாயிறு, ஞாயிறு முடியாமல் அடுத்த வாரம் என்று போகும். ஆயில் கறை உங்கள் தரையில்தான் இருக்கும். யாருக்காவது அடிபட்டால் அதுவும் உங்கள் தலையில். முழுக் கார் போக வேண்டும், ஒரே தடவையில் போக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பதிவுக் காகிதங்களை என்ன செய்வது?

விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் இரண்டு விஷயம் எங்கேயும் செல்லும். முதலாவது, கார் உங்கள் பெயரிலிருந்து போய்விட்டது என்று பதிவு அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும், 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விடக் கூடாது. இரண்டாவது, விற்பனை ரசீதில் சேசிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பரையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவர் தன் வண்டியின் பதிவில் இன்ஜின் மாற்றத்தைக் குறிக்கப் போகும்போது, இது திருட்டு இன்ஜின் இல்லை என்று காட்ட அந்த ரசீதுதான் உதவும். இன்ஜின் நம்பர் ஆயில் அழுக்கில் மறைந்திருக்கும். துணியும் டீசலும் வைத்துத் துடைத்து, பதிவுச் சான்றிலிருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

மாட்டிய பிறகு இன்ஜின் சரியில்லை என்று திரும்பி வந்தால்?

அதற்குத்தான் வீடியோவும் கம்ப்ரஷன் எண்களும் ரசீதும். 'இருக்கும் நிலையில், ஓட்டிப் பார்த்து வாங்கப்பட்டது' என்று ரசீதில் ஒரு வரி சேருங்கள். தெரிந்த கோளாறுகளையும் அதிலேயே எழுதுங்கள்: 'மூன்றாவது சிலிண்டர் எப்போதாவது மிஸ்ஸிங் அடிக்கும்' என்று எழுதிக் கொடுத்தால் பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. ஆறு மாதம் கழித்துப் புது வண்டியில் ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்கு, பத்தில் ஒன்பது தடவை மாட்டியதில்தான் ஏதோ விடுபட்டிருக்கும்.

மின்சார வண்டியாக மாற்றுபவர்களும் டோனர் கார் தேடுகிறார்களாமே?

ஆமாம். 2010இல் வந்த நிசான் லீஃப் அவர்களுக்குப் பிடித்த கார். மோதி நசுங்கிய லீஃபிலிருந்து மோட்டார், இன்வெர்ட்டர், பேட்டரி என்று எல்லாவற்றையும் பழைய காருக்கு மாற்றுவார்கள். இதில் ஒரே அறிவுரை: எதையும் நீங்கள் தொடாதீர்கள். அந்த பேட்டரி ஏறக்குறைய 400 வோல்ட், ஆளைக் கொன்றுவிடும். முழுக் காராகவே கொடுத்துவிடுங்கள்.

எடுத்துப்போக வரும் நாளில் என்ன தயார் செய்ய வேண்டும்?

டயரில் காற்று அடித்து வையுங்கள். ரொம்ப நாள் நின்ற காரில் ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்ளும், முந்தின நாளே விடுவித்துக் காரை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் கொஞ்சமாக இருந்தால் போதும். ஸ்டீரிங் லாக் விடுபட சாவி வேண்டும், டிரெய்லரில் ஏற்றி முடிக்கும்வரை அது காரிலேயே இருக்கட்டும். நம்பர் பிளேட்டை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டுமா, காரோடு போக வேண்டுமா என்பதை உங்கள் பதிவு அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். மீதிப் பணம் கைக்கு வந்து, ரசீதில் இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு டிரெய்லரை வாசலை விட்டுக் கிளம்ப விடுங்கள்.